உலைக்கும் கிரைண்டருக்கும் ஒரே கண்ணாடி போதுமா?

அடைகல்:

பட்டறை சேலம் அயோத்தியாப்பட்டணம் பக்கம். லாரி ஸ்பிரிங் பட்டையில அரிவாள், கொடுவாள் அடிக்கிறோம். ஏற்காடு எஸ்டேட்டுகளுக்குக் கவாத்துக் கத்தி, களைக்கொத்து போகுது. கடப்பாரைக்கு முனை தட்டிக் கொடுக்கிற வேலையும் உண்டு. கரி உலை, கரண்ட் புளோயர். 4 இன்ச் கிரைண்டர் ஒண்ணு, கம்பி பிரஷ்ஷையும் அதுலயேதான் மாட்டுறோம். வாரத்துல ஒரு நாள் ஆர்க் வெல்டிங், பூண் வைக்கவும் பைப் பிடி போடவும். ஆள் மூணு பேர். ஒருத்தர் உலையில, ஒருத்தர் சம்மட்டி, ஒருத்தர் கிரைண்டர்.

இப்போதைக்கு இருக்கிறது ரோட்டுக்கடை கூலிங் கிளாஸ் ஒண்ணும், கறுப்பு நம்பர் (எவ்வளவு இருட்டுன்னு சொல்றது) அழிஞ்சுபோன பழைய ரவுண்டு வெல்டிங் கண்ணாடி ஒண்ணும். கடையில கேட்டா "11ஆம் நம்பர் வாங்கிக்கோங்க, எல்லாத்துக்கும் ஆகும்"ங்கிறாங்க. போட்டுப் பார்த்தா கரிக்குள்ள இரும்பு எங்க இருக்குன்னே தெரியலை.

உலை, சம்மட்டி, கிரைண்டர் எல்லாத்துக்கும் ஒரே கண்ணாடி போதுமா? உலையைப் பார்க்க எவ்வளவு கறுப்பு வேணும்? வாங்கறப்ப எதைப் பார்த்து வாங்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சம்மட்டி எழுதியது:

ஒரே கண்ணாடி போதாதுங்க. 11ஆம் நம்பர் ஆர்க் வெல்டிங்குக்கு. அது உள்ளே விடுற வெளிச்சம் பத்தாயிரத்துல அரைப்பங்கு. உலைக்கு அதைப் போட்டா நீங்க சொன்ன மாதிரி குருட்டு வேலைதான். பழுக்காத இரும்பை எடுத்து அடிப்பீங்க, இல்லைன்னா கருக விட்டுடுவீங்க.

பட்டறையில கண்ணுக்கு ரெண்டு விதமான ஆபத்து. ஒண்ணு பறந்து வர்றது, இன்னொண்ணு நெருப்போட சூட்டு ஒளி. கடைக்காரங்க முதல்ல கறுப்பு நம்பர் பத்திப் பேசுவாங்க. ஆனா ஒரே நொடியில கண்ணை எடுக்கிறது பறந்து வர்றதுதான், சூட்டு ஒளி வருஷக்கணக்குல சேர்ந்து கெடுக்கிறது. அதனால முதல்ல வாங்க வேண்டியது கறுப்பே இல்லாத, பக்கத்தடுப்பு வச்ச தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி. மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. காலையில உலை மூட்டறப்ப மாட்டினா ராத்திரி சாம்பல் அள்ளற வரைக்கும் அது முகத்துலயே இருக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு மேல.

என்னென்ன பறக்கும்னு பாருங்க. பழுத்த இரும்பை அடைகல்லுல வச்சு முதல் அடி போட்டதும் செதில் தெறிக்கும். மெல்லிசா, சூடா இருக்கும், பெரும்பாலும் இமையைச் சுட்டுட்டு விழுந்துடும். வெங்காரம் தூவி இரும்போட இரும்பைப் பத்தவைக்கிறப்ப உருகின வெங்காரம் பக்கவாட்டுல பீச்சும். சம்மட்டிக்காரர் எதிர்ல நிக்கறதால அவருக்குத்தான் இது அதிகம் படும். ரொம்பப் பேர் கண்டுக்காத ஒண்ணு இருக்கு: தலை விரிஞ்ச உளி, வெட்டிரும்பு. அடிபட்டு அடிபட்டுத் தலை காளான் மாதிரி ஓரம் மடிஞ்சு நிக்கும் பாருங்க, அந்த ஓரத்துல இருந்து அரிசி நொய் அளவு இரும்பு உடைஞ்சு பறக்கும். வேகம் ஜாஸ்தி, கண்ணுக்குள்ளயே புகுந்துடும். சுத்தியலும் சுத்தியலும் மோதினாலும், பதம் போட்ட இரும்பைச் சூடில்லாமப் பச்சையா அடைகல் விளிம்புல தட்டினாலும் இதே கதைதான். விரிஞ்ச தலையைக் கிரைண்டர்ல தேய்ச்சு ஓரத்தைச் சாய்வாக்கி வைக்கிறது, எந்தக் கண்ணாடி வாங்கறதுக்கும் முன்னால செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது கிரைண்டர். கணக்குப் போட்டுப் பாருங்க. 4 இன்ச் டிஸ்க் 100 மி.மீ., நிமிஷத்துக்கு 11,000 சுத்து. விளிம்போட வேகம் விநாடிக்குச் சுமார் 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. ஐரோப்பிய இ.என். 166 தரத்துல 'எஃப்'ன்னு அடிச்ச கண்ணாடியைச் சோதிக்கிறது 6 மி.மீ. இரும்புக் குண்டால, விநாடிக்கு 45 மீட்டர் வேகத்துல. அந்தக் குண்டு ஒரு கிராம்கூட இல்லை, 0.86 கிராம். கட்டிங் வீல் உடைஞ்சு வர்ற துண்டு அதைவிடப் பல மடங்கு கனம். அதனால கிரைண்டர்ல நிக்கிறவருக்கு மூக்குக்கண்ணாடி மட்டும் பத்தாது. கண்ணாடி போட்டு, அதுக்கு மேல முழு முகக் கவசம். கவசத்தை மட்டும் தனியாப் போடறதும் தப்பு. தாடைக்குக் கீழ இருந்து பொறி ஏறி வந்து உள்பக்கமாக் கண்ணுல விழும்.

எழுத்து பார்க்கத் தெரிஞ்சா ஏமாற மாட்டீங்க. இ.என். 166ல 'எஃப்' 45 மீட்டர், 'பி' 120 மீட்டர், 'ஏ' 190 மீட்டர். மூக்குக்கண்ணாடிக்கு 'எஃப்' வரைக்கும்தான் உண்டு, 'பி' முழுசா மூடுற காகிள்ஸுக்கும் முகக் கவசத்துக்கும், 'ஏ' முகக் கவசத்துக்கு மட்டும். எவனாவது மூக்குக்கண்ணாடியில 'ஏ'ன்னு அச்சடிச்சு வித்தா அந்த ஒண்ணுலயே தெரிஞ்சுக்கலாம், டூப்ளிகேட்டுன்னு. அமெரிக்கச் சரக்குன்னா 'இசட் 87+' இருக்கணும். அந்தப் பிளஸ் முக்கியம், அதுதான் வேகமா வர்ற பொருளைத் தாங்கும்ங்கிறதுக்கு அடையாளம். நம்ம நாட்டுத் தரம் ஐ.எஸ். 5983. எழுத்து ஃபிரேமுலயும் வேணும், கண்ணாடியிலயும் வேணும். பெட்டியில மட்டும் அச்சடிச்சிருந்தா அதை நம்பாதீங்க.

கம்பி பிரஷ்ஷுக்கு: பிரஷ்ஷுல போட்டிருக்கிற சுத்து கிரைண்டர் சுத்தைவிடக் கம்மியா இருந்தா மாட்டவே கூடாது. கம்பி பிடுங்கிக்கிட்டு ஊசி மாதிரி நேரா வரும். கட்டிங் வீலோட நடு வளையத்துல மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும், அது தாண்டியிருந்தாத் தூக்கிப் போட்டுடுங்க. தண்ணி பட்டு ஊறின வீலும் அப்படியே.


தீப்பொறி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? 5ஆம் நம்பர் பச்சைக் கண்ணாடி ஒண்ணு வாங்கிக் காலையில இருந்து ராத்திரி வரை போட்டுக்கட்டும். உலைக்கும் ஆச்சு, பொறிக்கும் ஆச்சு.


சம்மட்டி எழுதியது:

தீப்பொறி, 5ஆம் நம்பர் உள்ளே விடுற வெளிச்சம் நூத்துக்கு 2 கூட இல்லை. அதைப் போட்டுக்கிட்டு அடைகல்லுல அடிச்சா குறடு எங்க, சம்மட்டி எங்கன்னு தெரியாது. பட்டறைத் தரையில ஸ்பிரிங் பட்டை கிடக்கும், கால் தடுக்கும். தெரியலைன்னதும் ஆள் என்ன பண்ணுவான்? நெத்திக்கு ஏத்தி விடுவான். அந்த நேரம் பார்த்துத்தான் செதில் வரும்.


துருத்தி எழுதியது:

நம்பர் கணக்கை நான் சொல்றேன், மேல சொன்னதோட சேர்த்துப் படிங்க.

1.7ஆம் நம்பர் பாதி வெளிச்சத்தை விடும். 2ஆம் நம்பர் நூத்துக்கு 37. 3ஆம் நம்பர் நூத்துக்கு 14. 5ஆம் நம்பர் நூத்துக்கு 2க்கும் கீழ. கரி உலையில சாதாரணமா அரிவாள் காய்ச்சறதுக்கு 2 இல்லைன்னா 3 போதும். வெங்காரம் போட்டுப் பத்தவைக்கிற வெள்ளைச் சூட்டுக்கு 3. ஆக்சிஜன் கேஸ் கட்டிங்குக்கு 3ல இருந்து 6 வரைக்கும். ஆர்க் ராடுக்கு 10 அல்லது 11, அதுவும் ஹெல்மெட்டுல. கரி உலைக்கு 5ஐத் தாண்டவே தேவையில்லை.

இதுல ஒரு நுணுக்கம். கறுப்புங்கிறது கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தைத்தான் சொல்லுது. உலையில பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 1,100 டிகிரியில பழுத்திருக்கிற இரும்பு வெளியே விடுற சக்தியில கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் நூத்துல ஒரு பங்குகூடக் கிடையாது. மிச்சம் அத்தனையும் சூட்டுக் கதிர். கன்னத்துல 'சுள்'ளுன்னு அடிக்குதே, அதேதான் கண்ணுலயும் விழுது. கண்ணாடி ஊதற தொழிலாளிகளுக்கும் உலைத் தொழிலாளிகளுக்கும் பல வருஷம் கழிச்சுக் கண்புரை வர்றது மருத்துவத்துல ரொம்ப காலமாத் தெரிஞ்ச சங்கதி.

இப்ப உங்க கூலிங் கிளாஸுக்கு வர்றேன். அது வெளிச்சத்தை மறைக்கும், அகச்சிவப்பைத் தாராளமா விட்டுடும். வெளிச்சம் கம்மியானதும் கண்மணி விரியும். விரிஞ்ச கண்மணி வழியா முன்னைவிட அதிகமாச் சூட்டுக் கதிர் உள்ளே போகும். கண் கூசாததால ஆளும் உலையை உத்துப் பார்த்துக்கிட்டே நிப்பார். கூலிங் கிளாஸைவிட வெறுங்கண்ணே தேவலை, கூசினாலாவது திரும்பிக்குவோம். தெளிவான பாலிகார்பனேட்டும் புற ஊதாவை நிறுத்தும், பொறியைத் தாங்கும், ஆனா அகச்சிவப்பை நிறுத்தாது. அதைப் போட்டிருக்கோமேன்னு உலைக்குள்ள வெறிச்சுப் பார்க்க வேண்டாம்.

அதனால வெறும் பச்சைக் கலர் பார்த்து வாங்காதீங்க. இ.என். 169 வெல்டிங் ஃபில்டர்னு இருந்தா அந்தந்த நம்பருக்கு அகச்சிவப்பு எவ்வளவு போகலாம்னு வரம்பு உண்டு. இ.என். 171ன்னா அகச்சிவப்புக்குன்னே செய்தது, கண்ணாடியில '4-3', '4-2.5'ன்னு 4ல ஆரம்பிக்கும். அமெரிக்கத் தரத்துல 'ஆர்' எழுத்தும் நம்பரும் இருந்தா அகச்சிவப்பு, 'டபிள்யூ' இருந்தா வெல்டிங். '5-3.1'ன்னு போட்டிருந்தா 5ஆம் நம்பர்னு எடுத்துக்காதீங்க, அது வெறும் வெயில் கண்ணாடி. கடையில இதைக் காட்டித்தான் நிறையப் பேர் தலையில கட்டுறாங்க.

நிறம் பார்க்கிற சங்கதிதான் நம்ம தொழில்ல உயிர். பச்சைக் கண்ணாடி வழியாப் பார்த்தா ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து தெரியும். ஸ்பிரிங் பட்டையை மஞ்சள் தாண்டி வெள்ளைக்கு விட்டா பூப்பூவாப் பொறி கிளம்பும், அந்த இரும்பு அப்புறம் உதவாது, அடிச்சா நொறுங்கும். எந்தக் கண்ணாடி வாங்கினாலும் முதல் நாள் ஒரு கழிவுத் துண்டைக் காய்ச்சி, கண்ணாடியோட ஒரு தடவை, எடுத்துட்டு ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கோங்க. பதம் போடற சூட்டுக்குக் காந்தம் வச்சுப் பாருங்க, சுமார் 770 டிகிரியில காந்தம் ஒட்டாமப் போயிடும், அதுக்குக் கொஞ்சம் மேல எடுத்துத் தோய்ச்சாச் சரி. அதுக்குக் கண்ணாடி நிறம் தடையே இல்லை.

தோய்ச்ச பிறகு கத்தி வாயைத் தேய்ச்சுட்டு மறுபடி இளஞ்சூடு காட்டி வைக்கோல் நிறம் பார்ப்போம் இல்லையா, அந்த நேரம் பச்சையும் கூடாது, மஞ்சள் கண்ணாடியும் கூடாது. வைக்கோல் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் 20, 30 டிகிரிதான் வித்தியாசம். மஞ்சள் கண்ணாடியில ஆரம்ப வைக்கோல் நிறம் வர்றதே தெரியாது, தெரியறப்ப ஊதா வந்திருக்கும். கவாத்துக் கத்தி முனை மடங்குதுன்னு எஸ்டேட்டுல இருந்து திரும்பி வந்தா இதையும் ஒரு காரணமாச் சந்தேகப்படுங்க. தெளிவான கண்ணாடி, ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான்.

காசு செலவில்லாத வழி ஒண்ணு: உலையில இருந்து ஒரு அடி தள்ளி நில்லுங்க. தூரம் ரெண்டு மடங்கானா சூடு ஏறக்குறைய நாலுல ஒண்ணாக் குறையும். உலை வாய்க்கு முன்னால ரெண்டு செங்கல்லோ ஒரு தகரமோ நிறுத்தி, இரும்பு போற அளவுக்கு மட்டும் இடம் விடுங்க. கரியும் கம்மியாச் செலவாகும்.


வெங்காரம் எழுதியது:

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. கொலுசுக்குப் பொடி (பத்தவைக்கிற பத்துப்பொடி) வச்சுக் கேஸ்ல ஊதறப்ப வெங்காரம் பட்ட இடமெல்லாம் மஞ்சளா ஒரு ஜுவாலை எழும்பி வேலையை மறைக்கும். அது வெங்காரத்துல இருக்கிற சோடியத்தோட மஞ்சள், 589 நானோமீட்டர். அந்த மஞ்சளை மட்டும் வெட்டுறதுக்கு டிடிமியம்னு ஒரு கண்ணாடி இருக்கு, லேசான ரோஸ் கலந்த ஊதா நிறம். பிரசியோடிமியம், நியோடிமியம் ரெண்டும் சேர்ந்தது. போட்டா ஜுவாலை மறைஞ்சு, பத்துப்பொடி உருகி ஓடறது பளிச்சுன்னு தெரியும். இணையத்துல கொல்லு வேலைக்கும் இதைச் சிபாரிசு பண்றாங்க. வாங்கலாமா, துருத்தி அண்ணா?


துருத்தி எழுதியது:

உங்க வேலைக்குச் சரி. கொல்லு வேலைக்கு அதை மட்டும் நம்பி வாங்கினா ஏமாத்தம்தான். டிடிமியம் மஞ்சளை எடுக்கும், அகச்சிவப்பை நிறுத்தாது. கண் கூசாததால பாதுகாப்பா இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும், கூலிங் கிளாஸ் கதையேதான். டிடிமியத்தோட 3ஆம் நம்பர் சேர்த்து ஒட்டின கண்ணாடியும் வருது, விலை பல மடங்கு. தினமும் வெங்காரம் போட்டுப் பத்தவைக்கிறவங்களுக்கு அது பிரயோஜனம். அரிவாளும் களைக்கொத்தும் அடிக்கிற பட்டறைக்கு அந்தக் காசுல ரெண்டு முகக் கவசம் வாங்கலாம். இன்னொண்ணு, அந்த வகையில நிறைய வெறும் கண்ணாடிக் கல்லுல வருது. அடி தாங்கற எழுத்து இருக்கான்னு பார்க்காம அதைப் போட்டுக்கிட்டு அடைகல் பக்கம் போகாதீங்க.


அடைகல்:

எல்லாருக்கும் நன்றிங்க. கூலிங் கிளாஸை இன்னைக்கே ஓரங்கட்டியாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். உலையில நிக்கிற பெரியவருக்கு வயசு 60 தாண்டியாச்சு, பவர் கண்ணாடி போடறவர், ரெண்டு பவர் சேர்ந்த பைஃபோகல். அதுக்கு மேல வேற கண்ணாடி போட்டா அடைகல் மேல இருக்கிற வேலை மங்கலாத் தெரியுதுங்கிறார். அப்புறம் வேர்வையும் ஆவியும். சித்திரை வெயில்ல வேர்வை வழிஞ்சு கண்ணாடி மூடிக்குது. ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் பட்டறைக்கும் மாசம் நாலு நாள் போறோம், அங்க மூடுபனியில மாட்டின நிமிஷமே வெள்ளையாயிடுது.


மூக்குக்கண்ணாடி எழுதியது:

பவர் சங்கதிக்கு நான் பதில் சொல்றேன், கண்ணாடிக் கடை வேலை.

பெரியவருக்கு மங்கலாத் தெரியறதுக்குக் காரணம் மேல போட்ட கண்ணாடி இல்லை. பைஃபோகல்ல கீழ்ப்பாதி படிக்கிறதுக்கானது, 40 செ.மீ. தூரத்துக்கு வச்சது. மேல்பாதி தூரப் பார்வைக்கு. அடைகல் அவர் கண்ணுல இருந்து 70 செ.மீ.யாவது இருக்கும், குனிஞ்சு பார்க்கிறப்பக் கீழ்ப்பாதி வழியாப் பார்க்கிறார். ரெண்டுலயும் அந்தத் தூரம் அடங்கலை.

ஒரு டேப் எடுத்து, அவர் வழக்கமா நிக்கிற நிலையில கண்ணுல இருந்து அடைகல் மேல்தளம் வரைக்கும் அளந்துட்டு வாங்க. அந்தத் தூரத்தைச் சொல்லி ஒரே பவர்ல கண்ணாடி கேளுங்க. உதாரணமா, படிக்க +2.50 கூடுதலா இருக்கிறவருக்கு 70 செ.மீ.க்குச் சுமார் +1.50 வரும். சரியான நம்பரைச் சோதிச்சுத்தான் போடணும். அதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல வண்டி ஓட்ட முடியாது, பட்டறைக்கு மட்டும்.

லென்ஸ் பாலிகார்பனேட் இல்லைன்னா டிரைவெக்ஸ்னு கேட்டு வாங்குங்க. சாதாரணமாப் போட்டுத் தர்ற சி.ஆர். 39 பிளாஸ்டிக் அடி தாங்காது, கண்ணாடிக் கல்லு அதைவிட மோசம். ஃபிரேம் பக்கத்தடுப்பு மாட்டற பாதுகாப்பு ஃபிரேமா இருக்கணும். நல்ல லென்ஸைச் சாதா ஃபிரேமுல மாட்டினா, அடி பட்டதும் லென்ஸ் உடையாம முழுசா உள்பக்கமாக் கழண்டு கண்ணுல இடிக்கும். செலவு அதிகம்னா, இருக்கிற கண்ணாடிக்கு மேல போடற பெரிய சைஸ் கண்ணாடி கிடைக்கும், பவர் கண்ணாடி மேல போடறதுன்னே கேளுங்க. ரெண்டும் ஒண்ணோடொண்ணு முட்டக் கூடாது, முட்டினா மேல விழற அடி நேரா உள்ள இருக்கிற லென்ஸுக்குப் போகும். கான்டாக்ட் லென்ஸ் உருகி ஒட்டிக்கும்ங்கிறது சும்மா கட்டுக்கதை. ஆனா கரித்தூள் பறக்கிற இடத்துல அதுக்கு அடியில தூள் மாட்டி அறுக்கும், அதனால வேண்டாம்.

முகத்துக்குப் பொருந்துதான்னு பார்க்க: மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு தலையை உதறுங்க. நழுவக் கூடாது. புருவத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல சுண்டுவிரல் போற இடைவெளி இருந்தா வேற சைஸ். பெரும்பாலும் சந்து விடறது கன்னத்துப் பக்கம்.

ஆவிக்கு: கண்ணாடியில 'என்' எழுத்து இருந்தா ஆவி பிடிக்காத பூச்சு, 'கே' இருந்தா கீறல் தாங்கும். பூச்சு இல்லாததுக்கு ஒரு சொட்டு ஷேவிங் சோப்பு நுரையை ரெண்டு பக்கமும் தடவி, காய விட்டு, மெல்லிய துணியால தெளிவாகிற வரைக்கும் துடைங்க. ஏற்காட்டுல கண்ணாடியைப் பைக்குள்ள குளிரா வச்சிருந்து நேரா முகத்துல மாட்டறதாலதான் உடனே வெளுக்குது. சட்டைப் பையில உடம்புச் சூட்டுல கால் மணி நேரம் வச்சிருந்து மாட்டுங்க. முழுக் காகிள்ஸ் வாங்கினா காத்து நேராப் போற ஓட்டை வச்சது வேண்டாம், பொறியும் அதே வழியா வரும். மடங்கி மடங்கிக் காத்து போற மாதிரி மூடி வச்ச ஓட்டை பாருங்க. வேர்வைக்குக் கண்ணாடியில வழி இல்லை, நெத்தியில பருத்தித் துணிப் பட்டை கட்டணும். நைலான் துணி கட்டிடாதீங்க, பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டும்.

சுத்தம் பண்றது: காய்ஞ்ச துணியால துடைச்சா கரித்தூளே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். முதல்ல தண்ணி ஊத்தி, சோப்பு, அப்புறம் துணி. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் பட்டா பாலிகார்பனேட்டுல மெல்லிசா நரம்பு விட்டு விரிசல் ஓடும். அப்புறம் எழுத்து இருந்தும் பிரயோஜனமில்லை. நேருக்கு நேரா கீறல் விழுந்து பார்வையை மறைச்சாலோ ஒரு தடவை பலமா அடி வாங்கியிருந்தாலோ மாத்திடுங்க, வெளியே நல்லா இருந்தாலும் சரி.

இன்னொண்ணு. நிறையப் பேருக்குக் கண்ணுல தூசி விழறது வேலையப்ப இல்லை, கண்ணாடியைக் கழட்டறப்பதான். புருவத்துலயும் ஃபிரேம் மேலயும் இரும்புத்தூள் உட்கார்ந்திருக்கும். கண்ணை மூடி, தலையை முன்னால குனிஞ்சு, புருவத்தைத் தட்டிட்டு அப்புறம் கழட்டணும். பஞ்சு வச்ச ஃபிரேம்னா இன்னும் கவனம், பஞ்சு முழுக்கத் தூள் பிடிச்சு வச்சிருக்கும்.


கண்மருந்து எழுதியது:

எல்லாம் போட்டிருந்தும் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லலை, அதனால எழுதறேன்.

தூசி, கரி: கசக்காதீங்க. சுத்தமான தண்ணியில கண்ணைத் திறந்து வச்சு அலசுங்க. வெங்காரமோ தோய்க்கிற எண்ணெயோ தெறிச்சா 15 நிமிஷம் விடாம அலசிட்டு ஆஸ்பத்திரி.

இரும்புத் துணுக்கு கருவிழியில ஒட்டிக்கிட்டா கைக்குட்டை முனை, தீக்குச்சி, காந்தம் எதுவும் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடறதும் வேண்டாம். இரும்பு அங்கேயே கிடந்தா ஒரு நாள்லயே சுத்திலும் துரு வளையம் கட்ட ஆரம்பிக்கும், அப்புறம் துணுக்கை எடுத்தாலும் துருவைத் தனியாச் சுரண்டி எடுக்கணும். அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க.

மோசமானது உளித்தலைத் துணுக்கு. "என்னமோ சுருக்குன்னுச்சு, இப்ப ஒண்ணும் இல்லை"ம்பாங்க. வலியே இல்லாம உள்ளே போயிருக்கும். உளி, சம்மட்டி வேலையில சுருக்குன்னுச்சுன்னாலே, பார்வை நல்லா இருந்தாலும் காட்டணும். இந்த மாதிரி நேரத்துல கழுவவும் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல படாமக் கவிழ்த்து, ஓரத்தை நெத்தியிலயும் கன்னத்துலயும் ஒட்டிட்டு நேரா சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியோ, பக்கத்துல இருக்கிற கண் ஆஸ்பத்திரியோ. வண்டி இல்லைன்னா 108. "இரும்பு அடிக்கிறப்பப் பட்டது"ன்னு முதல் வார்த்தையாச் சொல்லுங்க. எக்ஸ்ரே, சி.டி. எடுப்பாங்க. உள்ளே இரும்பு இருக்கிற சந்தேகத்தோட எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, காந்தம் அதை இழுத்து நகர்த்தும்.

ஆர்க் வெளிச்சம் பட்டது உடனே தெரியாது. 6ல இருந்து 12 மணி நேரம் கழிச்சு, பெரும்பாலும் நடுராத்திரியில, மணல் கொட்டின மாதிரி எரியும். வெல்டிங் ஹெல்மெட்டுக்கு உள்ளயும் தெளிவான கண்ணாடி இருக்கட்டும். ஹெல்மெட்டைத் தூக்கிட்டுக் கசடு தட்டறப்பத்தான் துணுக்கு பறக்கும்.


அடைகல்:

இப்ப வாங்கப் போறது: தெளிவான பாலிகார்பனேட் மூணு, பெரியவருக்கு அளவெடுத்துப் பவர்ல ஒண்ணு, 3ஆம் நம்பர் அகச்சிவப்புக் கண்ணாடி ஒண்ணு, 'பி' எழுத்து உள்ள முகக் கவசம் ஒண்ணு கிரைண்டருக்கு. வெல்டிங் ஹெல்மெட் இருக்கு. சரியா? 3ஆம் நம்பரைப் போட்டுப் போட்டுக் கழட்டணுமேன்னுதான் யோசனை.


சம்மட்டி எழுதியது:

சரிங்க. 3ஆம் நம்பருக்கு மேல தூக்கற மாதிரி கீல் வச்சது வாங்குங்க. உலையைப் பார்க்கிறப்ப இறக்கணும், இரும்பை வெளியே எடுத்ததும் தூக்கிடணும். கறுப்பைத் தூக்கினாலும் உள்ளே தெளிவான கண்ணாடி இருக்கிற மாதிரி ரெண்டடுக்காக் கேளுங்க. சில வகையில தூக்கினா வெறுங்கண்தான், அது உதவாது.

கண்ணாடி மாட்ட ஆணியை உலைப் பக்கம் அடிக்காதீங்க. அந்தச் சூட்டுல ஃபிரேம் நெளியும், கரித்தூளும் படியும். வாசல் பக்கம் அடிங்க. அதுல ரெண்டு தெளிவான கண்ணாடி கூடுதலாத் தொங்கட்டும். அரிவாள் வாங்க வர்றவர் வாசல்லயே நின்னு "இன்னும் கொஞ்சம் வளைவு குடுங்க"ன்னு எட்டி எட்டிப் பார்ப்பார். உங்க கிரைண்டர் பொறி எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு தடவை பாருங்க, நேரா அவர் நிக்கிற இடத்துக்குத்தான் போகும்.